குறட்டை நின்றால் கவனியுங்கள்

கேள்வி: ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் என் கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார். திடீரென்று சத்தம் நின்று, திணறி விழிக்கிறார். பயப்பட வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த மௌனத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அம்மா. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. 10 விநாடியாவது நீடிக்கும் இந்தத் தடை மணிக்கு 30 முறையைத் தொட்டால் நோய் தீவிரம். ரத்த அழுத்தம் ஏறும். பக்கவாத அபாயமும் உண்டு. 2022-இல் இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு மருத்துவர்கள் சொன்ன காரணம் தூக்கத்தில் வரும் இந்த மூச்சுத்தடைதான். பகலில் மெஷின் முன்னே, வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறதா என்று கேளுங்கள். இன்றிரவே அவர் தூங்குவதைச் செல்போனில் வீடியோ எடுத்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனையில் உறுதியானால், காற்றழுத்த மாஸ்க் நல்ல பலன் தரும்.