கோதுமைச் செய்திமடலுக்கு என்ன எழுதலாம்?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக நீலகிரி வெலிங்டனில் இரண்டு பருவம் கோதுமை வரிசைகளில் துரு நோயைக் கணக்கெடுத்தேன். ஆய்விதழ்க் கட்டுரைக்கு இது போதாது என்கிறார் என் நெறியாளர். கான்சாஸிலிருந்து வரும் ‘ஆனுவல் வீட் நியூஸ்லெட்டர்’ மடலுக்கு அனுப்பலாமா? வேலைக்குப் போகும்போது மதிப்பெண்ணுக்கு உதவுமா?
— ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக அனுப்புங்கம்மா. மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். நடுவர்கள் படித்துப் பார்த்துத் தேர்வு செய்யும் ஆய்விதழ் அல்ல அது. விண்ணப்பத்தில் ஆய்விதழ்க் கட்டுரைகளோடு அதையும் வரிசையில் சேர்த்துவிட்டு நேர்காணலில் விழிப்பவர்கள் உண்டு. ‘பிற வெளியீடுகள்’ என்று தனியே போட்டுவிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அந்த மடல் 1954-இல் தொடங்கியது. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்படுகிறது. ஊர் பெயர் மன்ஹாட்டன், நியூயார்க்கில் இருப்பது வேறு. அதே 1954-இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து கோதுமை மரபியலாளர் ஹிட்டோஷி கிஹாராவின் முயற்சியில் ‘வீட் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்’ வெளிவரத் தொடங்கியது. இந்த ஆண்டு வயலில் கண்டதை அச்சாகும்வரை காத்திருக்காமல் மற்ற கோதுமைக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் நோக்கம். கான்சாஸ் மடலில் சேதிகளை நாடுவாரியாகவும் நிலையவாரியாகவும் அடுக்கியிருப்பார்கள். புதிய ரகம், இந்த ஆண்டு தாக்கிய நோய், ஆய்வகத்துக்கு வந்தவர் போனவர் எல்லாம் இருக்கும். கோதுமை மரபணுக் குறியீட்டுப் பட்டியலின் துணைப்பட்டியல்களும் அதில் வந்திருக்கின்றன.

உங்கள் கையிலுள்ளதை வட இந்தியாவில் இருப்பவர்கள்கூட ஆவலோடு படிப்பார்கள். சமவெளியில் கோடை வெயில் கோதுமையையும் துருவையும் ஒன்றாகத் தீர்த்துக்கட்டிவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் அப்படியல்ல. ஏதோ ஒரு சரிவில் ஆண்டு முழுவதும் பயிரோ தானே முளைத்த செடியோ பச்சையாக நிற்கும். தண்டுத் துருவும் இலைத் துருவும் அதில் தங்கிக்கொள்ளும். அங்கிருந்து வித்துகள் காற்றோடு வடக்கே போகின்றன என்பதைத் துரு நோய் ஆய்வாளர் கே. சி. மேத்தா பல ஆண்டு உழைத்து எழுதிவைத்தார். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருப்பதற்கும் அதுவே காரணம். அங்கே ஓர் எதிர்ப்பு மரபணு தளர்ந்தது என்ற சேதி ஒரு பத்தியாக இருந்தாலும் சேதிதான்.

பின்னால் இதையே விரித்து ஆய்விதழுக்கு எழுதலாமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். மடலில் வருபவை முடிவாகாத தரவுகள், எழுதியவர் அனுமதியின்றி மேற்கோள் காட்டக்கூடாது என்பது அதன் நெடுநாள் வழக்கம். அதனால் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனாலும் இதழுக்கு இதழ் விதி மாறும். கட்டுரையோடு போகும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அனுப்புமுன் நெறியாளர், நிலையத் தலைவர் இருவரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அட்டவணையில் சராசரித் தாக்கக் கெழுவை மட்டும் கொடுத்தால் போதுமா? வம்சாவளியை எப்படி எழுதுவது?
— அதே வாசகி

பதில்: போதவே போதாது. கெழுவை மட்டும் கொடுத்தால் என்ன கெடும் என்று பாருங்கள். ஒரு வரிசைக்கு 40எம்எஸ் குறித்திருக்கிறீர்கள். நாற்பது சதவீதம் துரு, ஓரளவு எளிதில் பாதிக்கப்படும் வகை. அதை 0.8 ஆல் பெருக்கினால் 32. பக்கத்து வரிசையில் 80எம்ஆர்; துரு எண்பது சதவீதம் பரவியும் செடி ஓரளவு தாங்கி நிற்கிறது. அதை 0.4 ஆல் பெருக்கினாலும் 32 தான். வயலில் முற்றிலும் வேறான இரண்டு செடிகள் அட்டவணையில் இரட்டைப் பிள்ளைகளாகிவிடும். ரகம் உருவாக்குபவருக்கு வேண்டியது அந்த வித்தியாசம். எனவே துருவை அளக்கும் மாற்றியமைத்த கோப் அளவுகோலில் நீங்கள் குறித்தது குறித்தபடியே, பருவவாரியாக, தேதியோடு முதலில் வரட்டும். கெழு கடைசிப் பத்தியில் இருக்கட்டும். எளிதில் தாக்கப்படும் ஒப்பீட்டு ரகத்தில் அந்த ஆண்டு எவ்வளவு துரு என்பதையும் கட்டாயம் போடுங்கள். அதுவே 20எஸ் என்று, அதாவது இருபது சதவீதத் துருவோடு நின்றால் மற்ற வரிசைகளின் ‘எதிர்ப்புச் சக்தி’யை நான் நம்பமாட்டேன்.

துருவின் இனத்தைச் சிம்லா ஃபிளவர்டேல் நிலையத்துக்கு அனுப்பிக் கண்டறிந்திருந்தால் 77-5 என்பதுபோல் எண்ணைக் கொடுங்கள். அனுப்பவில்லையா? ‘இயற்கையாக வந்த துரு, இனம் பிரிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்தும் யாரோ அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

வம்சாவளிக்கு 1968 முதல் வழக்கிலுள்ள சாய்கோட்டு முறை இருக்கிறது. முதல் கலப்புக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு கோடு, அதற்கு மேல் கோடுகளுக்கு நடுவே எண். பிபிடபிள்யூ 343 என்ற நம் கோதுமை ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: என்டி/விஜி9144//கேஏஎல்/பிபி/3/ஒய்ஏசிஓ/4/விஇஇ#5. கேஏஎல் என்பது நம் கல்யாண்சோனா. கடைசியிலுள்ள விஇஇ, அதாவது ‘வீரி’ வழியாகத்தான் ரை தானியத்தின் குரோமோசோம் துண்டு ஒன்று உள்ளே வந்தது. தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர்31 மரபணு அதில்தான் இருக்கிறது. 1998-இல் உகாண்டாவில் கண்ட யுஜி99 என்ற தண்டுத் துரு இனம் அந்த மரபணுவை முறியடித்தபோது, தங்கள் வயலில் யார் கவலைப்பட வேண்டும் என்பதை இப்படி எழுதிய வம்சாவளிகளைப் பார்த்தே சொல்ல முடிந்தது. ஒரு கோடு இடம் மாறினால் தாய் தந்தை மாறிப்போகும். தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல் நீங்களே சரிபாருங்கள்.

மரபணுப் பெயர்கள் சாய்வெழுத்தில், பட்டியலில் உள்ளபடி. புதிய மரபணு கிடைத்திருப்பதாக நினைத்தால் நீங்களாக அடுத்த எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள். பட்டியல் தொகுப்பாளர்களிடம் கேட்டுத்தான் எண் வாங்க வேண்டும். அட்டவணைகளைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே கொடுங்கள், புகைப்படங்களைத் தனிக் கோப்பில். மற்ற வடிவ விதிகள் அந்தந்தத் தொகுதியிலேயே இருக்கும், அண்மையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயம் வேண்டாம். என்ன விதைத்தோம், எப்போது குறித்தோம், என்ன கண்டோம், இவ்வளவே. முன்னுரையில் உலக மக்கள்தொகையிலிருந்து தொடங்குவது நம் ஆய்வேடுகளின் வியாதி. அதை மடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மடலில் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து விதை கேட்டால் கொடுக்கலாமா?
— உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: கேட்கத்தான் செய்வார்கள். விதைப் பகிர்வுக்கென்றே அமெரிக்கத் தேசியக் கோதுமை மேம்பாட்டுக் குழு 1994 நவம்பரில் ஒரு நெறிமுறை ஏற்றது. வெளியிடப்படாத வரிசையைப் பெற்றவர் உரிமையாளர் அனுமதியின்றி மூன்றாமவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். இந்தியாவிலிருந்து போக அது மட்டும் போதாது. வந்த கோரிக்கையை உங்கள் நிறுவனத்தின் வழியாக டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்துக்கு அனுப்புங்கள். அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் அந்த வழியில்தான் கிடைக்கும். கடித உறைக்குள் பத்து மணி போட்டு அனுப்பும் காலமெல்லாம் போய்விட்டது.