மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் நாளன்று நம் வட்டாரத்தில் பலர் ஐயப்பனுக்கு மாலை அணிகின்றனர். ஆண்டு முழுவதும் குடித்தவர்களுள் சிலரும் அந்த 41 நாட்கள் மதுவைத் தொடுவதில்லை. தை பிறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவில் அவர்களுடைய மனைவியர் கூறுவது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "மாலை போட்டிருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு டாக்டர். கழட்டின அன்னைக்கே பழையபடி ஆயிட்டாரு."

இச்சொல்லில் ஏமாற்றம் உண்டு. மருத்துவத்திற்குப் பயன்படும் ஓர் உண்மையும் உண்டு. 41 நாட்கள் குடிக்காமல் இருக்க முடிந்தது எதனால்? 42ஆம் நாள் முடியாமற்போனது எதனால்? குடிநோயிலிருந்து நெடுங்காலம் விலகி வாழ விரும்புவோர் இவ்விரு வினாக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் நேரலாம். இவற்றைத் தெய்வக் குற்றம் என்றோ காற்றுக் கருப்பு என்றோ எண்ணிக் காலந்தாழ்த்தக் கூடாது. மாலை அணியவோ, கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளவோ முடிவு செய்தவர், அதற்குச் சில நாட்கள் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். மேற்பார்வையுடன் தரும் மருந்துகளும், தயமின் என்னும் வைட்டமின் பி1 சத்தும் இக்கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்க உதவும்.

விரதம் எவ்வாறு உதவுகிறது?

விரதம் பூண்டவர் விடியுமுன் எழுகிறார், நீராடி வழிபடுகிறார், வீட்டில் சமைத்த உணவை உண்கிறார். குடிவேட்கை மிகும் மாலைப் பொழுதில் குருசாமியின் வீட்டில் பஜனையில் அமர்கிறார். பழைய கூட்டாளிகள் அவரை அழைப்பதில்லை. ஊரார் அவரைச் 'சாமி' என்று மதிப்புடன் விளிக்கின்றனர். நம்பிக்கை அவருக்குக் காரணத்தைத் தருகிறது. அன்றாட ஒழுங்கு வழியைத் தருகிறது. உடன் விரதமிருப்போர் துணையைத் தருகின்றனர்.

மாலையைக் கழற்றும்போது இம்மூன்றும் ஒரே நாளில் நீங்கிவிடுகின்றன. மூளையோ அதற்குள் முழுமையாகத் தேறியிருப்பதில்லை. உறக்கமும் மனநிலையும் சீரடையப் பல மாதங்கள் ஆகலாம். கூலி வாங்கும் நாள், கடை இருக்கும் தெரு, பழகிய நண்பரின் குரல் ஆகியவை நெடுநாள் கழித்தும் வேட்கையைத் தூண்டும். ஆகவே, மாலையைக் கழற்றலாம். அந்த நாளொழுங்கைக் கைவிடலாகாது.

துணையின் வலிமை

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவதே குடிக்காமலிருக்க உதவுவதை உணர்ந்தனர். அதிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை அமைப்பு. அதன் பன்னிரண்டு படிகளில் இறைநம்பிக்கைக்கு இடமுண்டு. ஆயினும் அந்த இறைவனை அவரவர் தம் மனத்திற்கேற்பக் கொள்ளலாம். 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஆராய்ந்தது. இத்தோழமையில் சேர்வதற்கு முறைப்படி வழிநடத்தும் சிகிச்சை, முழு விலகலை நிலைநிறுத்துவதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுவதாக அது காட்டியது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதுவாயினும் வாரந்தோறும் மனிதர்களோடு கூடியிருப்பது நன்று. இறைநம்பிக்கை இல்லாதவரும் இத்துணையை நாடலாம்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

காலையில் குறித்த நேரத்தில் எழுந்து, "இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்" என்று உறுதி கொள்ளுங்கள். வாழ்நாள் முழுமைக்குமான சபதம் சிலரை மலைக்க வைக்கும். ஒரு நாள் எவருக்கும் இயலும்.

வேளை தவறாமல் உண்ணுங்கள். பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வேட்கையை வளர்ப்பவை. தேறிவரும் உடல் நீண்ட பட்டினியைத் தாங்காது.

மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரை எங்கே, யாருடன் இருப்பது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள்.

இரவில் அன்றைய நாளைக் கணக்குப் பாருங்கள். நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்குப் புகழ் பெற்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது என்பது அதில் கண்ட விதிகளுள் ஒன்று. அவ்விதியை நம் ஒவ்வொரு நாளுக்கும் கொள்ளலாம்: இன்று எப்போது வேட்கை எழுந்தது? எப்படிக் கடந்தேன்? யாரிடம் கடுஞ்சொல் கூறினேன்?

மருத்துவர் தந்த மருந்தை, வழிபாட்டைப் போலவே, நாள் தவறாமல் உட்கொள்ளுங்கள்.

குடும்பத்தினருக்கு

கணவரைக் குடிநோயால் இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிறுவனம், நோயருடன் குடும்பத்தினருக்கும் பயிற்சி அளித்து வருகிறது. குடும்பமும் இந்நோயால் துன்புறுவதே அதற்குக் காரணம். விரத நாட்களில் காட்டிய மதிப்பை மற்ற நாட்களிலும் காட்டுங்கள். நோயருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மருந்தை உணவில் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்தை உட்கொண்டவர் அதை அறியாமல் குடித்தால் உயிரிழக்கவும் நேரலாம்.

தவறி விழுந்தால்

சபதம் செய்தபின் ஒருமுறை குடித்துவிட்டவர், தெய்வத்திற்கு அஞ்சிக் கோயிலுக்கும் போவதில்லை. வெட்கத்தால் மருத்துவமனைக்கும் வருவதில்லை. அந்த வெட்கமே அவரை மீண்டும் கடைக்கு அழைத்துச் செல்கிறது. குடிநோய் சர்க்கரை நோயைப் போல நெடுங்கால நோய். மீண்டும் தலைதூக்குவது அதன் இயல்பு. அவரைக் குற்றவாளியாக்காமல் அழைத்து வாருங்கள். எந்த வேளையிலும் பேச 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்னும் டெலி மனநல உதவி எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இவ்வாண்டு மாலை அணிவோர், மலை சென்று திரும்பியதும், மாலையைக் கழற்றிய மறுநாள் காலையிலேயே எங்களை வந்து காணுங்கள். 42ஆம் நாளை எப்படி வாழ்வது என்பதைக் கலந்து முடிவு செய்வோம்.