ரெண்டிட்டா கேட்காத கணக்கு: இளம் பங்கு ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

கொள்ளேகால்

அன்புள்ள தம்பிக்கு,

சிறிய எண்ணெய், எரிவாயு ஆய்வு நிறுவனங்களின் பங்குகளைப் பற்றி நீங்கள் எழுதிய நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது, கடனை எங்கே தேடுவது என்றெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஜூலையில் மத்திய அரசு உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்குத் திடீர் லாப வரி போட்டபோது, முந்தைய ஆண்டில் 20 லட்சம் பீப்பாய்க்குக் குறைவாக எடுத்த சிறு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்ததைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அரசின் அறிவிப்பைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தவர்தான் அதை எழுத முடியும். தமிழில் பங்குச்சந்தை எழுதுகிறவர்களிடம் இந்த உழைப்பைக் காண்பது அரிது. அந்த ஒரு பத்திக்காகவே உங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அதே கட்டுரையில் ஒரு சொல்லை நீங்கள் கையாண்ட விதம் எனக்குப் பொறுக்கவில்லை. 'இருப்பு' என்ற சொல் அது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

இருப்பு என்றால் நம் கடைக்காரர்களுக்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். வருஷக் கடைசியில் கடையை அடைத்துவிட்டு, அலமாரி அலமாரியாக எண்ணி, நோட்டில் எழுதுகிறார்களே, அதுதான் இருப்பு. கையால் தொட்ட சரக்கு. நாளைக்கே விற்கக்கூடிய சரக்கு. எண்ணெய்த் தொழிலிலும் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கண்டிப்பு உண்டு. இன்னும் கிணறே போடாத இடத்தில் இருக்கக்கூடும் என்று கருதப்படுவது உத்தேச வளம். கிணறு போட்டுக் கண்டுபிடித்தும், விலையோ குழாயோ அனுமதியோ கூடிவராமல் நிற்பது நிபந்தனை வளம். எடுத்து விற்றால் கட்டுபடியாகும், எடுக்கும் திட்டமும் உறுதியாகிவிட்டது என்ற நிலைக்கு வந்ததுதான் இருப்பு. இதுவும் உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையின் தொடக்கத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் நான்கு பத்தி தாண்டியதும், மண்ணுக்கடியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட மொத்த எண்ணெயையும் 'இருப்பு' ஆக்கி, அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பங்குக்கு இத்தனை பீப்பாய், ஆகவே பங்கு மலிவு என்று முடித்துவிட்டீர்கள். எங்கள் ஊர்ப் பட்டுக்கூட்டு மார்க்கெட்டில் இந்தக் கணக்கை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நூல் எடுப்பவர் கூட்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பார், காதருகே குலுக்கிப் பார்ப்பார், மெலிந்த கூடும் கறைபட்ட கூடும் எத்தனை என்று கிளறிப் பார்ப்பார். அவர் மனத்தில் ஓடுவது ரெண்டிட்டா: ஒரு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ கூடு? நல்ல வெண்பட்டுக் கூடு என்றால் ஆறு, ஏழு; மஞ்சள் கூடு என்றால் எட்டு, ஒன்பதுகூட. கூட்டின் எடையைப் பட்டின் எடையாக எண்ணி விலை கேட்பவர் ஒரு வாரத்தில் தொழிலை விட்டுப் போவார். எண்ணெய்க்கும் ரெண்டிட்டா உண்டு. நிலத்தடியில் உள்ள எண்ணெயில் மேலே வருவது உலகச் சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான். அதைக் கேட்காமலேயே நீங்கள் வகுத்துவிட்டீர்கள்.

அந்த எண் ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்பதைக் காவிரிப் படுகையிலேயே காட்டலாம். ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி 1983இல் ஹெச்.டி. பரேக்கின் முயற்சியில் தொடங்கியது. இந்தத் துறையில் முதலில் இறங்கிய இந்தியத் தனியார் நிறுவனங்களில் ஒன்று. புதுச்சேரிக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கும் பிஒய்-1 வயலிலிருந்து 2009இல் அது எரிவாயுவைக் குழாய் வழியாகப் பிள்ளைப்பெருமாள்நல்லூர்க் கரைக்குக் கொண்டுவந்தது. அங்கே வாயு தங்கியிருப்பது மணற்பாறையில் இல்லை. தீபகற்பத்தின் அடித்தளமான படிகப் பாறையில். நம் பிளிகிரிரங்கன் மலையும் சிவனசமுத்திரத்துப் பாறைகளும் அந்தத் தொல்பழம் பாறைக் குடும்பம்தான். சிவனசமுத்திரத்தில் ஒரு பாறையை உடைத்துப் பாருங்கள்: உள்ளே பஞ்சுபோல் துளை எதுவும் கிடையாது, விரிசல் மட்டும் இருக்கும். மணற்பாறை என்றால் ஓரிடத்தில் கண்ட துளையளவை வைத்துப் பக்கத்து இடத்தை ஓரளவு ஊகிக்கலாம். விரிசல் பாறையில் ஒரு கிணற்றின் கீழே விரிசல்கள் வலைபோல் பின்னியிருக்கும். சற்றுத் தள்ளிக் கருங்கல்லாக இறுகியிருக்கும். தொடக்கத்தில் வாயு வேகமாக வருவதைப் பார்த்து மொத்தத்தை மதிப்பிட்டால், விரிசல்கள் காலியானதும் கணக்கு பொய்த்துவிடும். பிஒய்-1இல் உற்பத்தி எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. இருப்புக் கணக்கைக் குறைக்க நேர்ந்தது. பங்கு வைத்திருந்தவர்கள் அதன் வலியைச் சுமந்தார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பாறை அப்படிப்பட்டது.

சிறிய நிறுவனத்துக்கு ஆள்பலமும் கருவியும் போதவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையைப் பாருங்கள். ரிலையன்ஸ் நிறுவனத்தின் கேஜி-டி6 பகுதியில், டி1, டி3 வயல்களிலிருந்து எடுக்கக்கூடிய வாயு சுமார் 10 டிரில்லியன் கன அடி என்று வளர்ச்சித் திட்டம் சொன்னது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது இலக்கு. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, மறு ஆண்டு 6 கோடியைத் தொட்டு, பிறகு மளமளவென்று இறங்கியது. 2012இல் எடுக்கக்கூடிய அளவு சுமார் 3 டிரில்லியன் கன அடியாக வெட்டப்பட்டது. 2020 பிப்ரவரியில் அந்த வயல்களில் உற்பத்தியே நின்றது. சரிவுக்கு யார் காரணம் என்று அரசும் நிறுவனமும் வழக்காடின. அது வேறு கதை. உங்கள் கட்டுரைக்கு வேண்டிய பாடம் அந்தப் பகுதியில் 10 விழுக்காடு வைத்திருந்த நைக்கோ ரிசோர்சஸ் என்ற கனடா நாட்டு நிறுவனம். ரிலையன்ஸுக்குச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன, தாங்கிக்கொண்டது. நைக்கோவுக்கு அப்படித் தாங்கல் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் 100 கனடா டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு, 2015க்குள் ஒரு டாலருக்கும் கீழே போயிற்று. அதே படுகையில் தீனதயாள் வயலில் 20 டிரில்லியன் கன அடி இருப்பதாக 2005இல் அறிவிப்பு வந்தது. பிறகு திட்டத்தில் ஏற்கப்பட்டது அதில் ஒரு சிறு பங்குதான். கேஜி-டி6இல் நடந்தது திட்டமிட்டு வகைப்படுத்திய இருப்பே மூன்றில் ஒன்றாகச் சுருங்கிய கதை என்றால், கிணறே போடாத உத்தேச வளத்தை வகுத்து மலிவு என்று சொல்வதை எப்படி ஏற்பது?

மங்களா எண்ணெய் வயலை நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறீர்கள். நியாயமான மறுப்புதான், தட்டிக்கழிக்க மாட்டேன். ஷெல் நிறுவனம் நம்பிக்கையிழந்து விட்டுப்போன ராஜஸ்தான் பகுதியைக் கெய்ர்ன் எனர்ஜி சுமார் 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2004 ஜனவரியில் பார்மேரில் மங்களா கிடைத்தது. லண்டன் சந்தையில் கெய்ர்ன் பங்கு பறந்தது. ஆனால் அந்தக் கதையின் மற்றப் பக்கங்களையும் வாசகருக்குக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு முன் கிணறு மேல் கிணறு போட்டுத் தோற்றும் அடுத்ததற்குக் கெய்ர்னிடம் பணம் இருந்தது, ஏனென்றால் வேறு வயல்களிலிருந்து வருமானம் வந்துகொண்டிருந்தது. கிடைத்த எண்ணெயும் மெழுகு நிறைந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல அது சாதாரண வெப்பத்திலேயே உறைந்துவிடும். குஜராத் வரை வழி முழுக்கச் சூடேற்றும் குழாய் போட்டார்கள். கண்டுபிடித்து ஐந்தரை ஆண்டு கழித்து, 2009 ஆகஸ்டில்தான் உற்பத்தி தொடங்கியது. மங்களா உங்கள் வாதத்தை நிரூபிக்கவில்லை. பொறுமைக்குப் பணம் வேண்டும் என்பதைத்தான் நிரூபிக்கிறது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது குறை. அடுத்த கிணற்றுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கட்டுரை முழுக்க எங்கும் கேட்கவில்லை. ஒரு கிணறு பலிக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிணறு போட்டால் ஒன்று நிச்சயம் என்று மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஐந்துமே வறண்டுபோகக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு கிணற்றுக்கு மட்டும் பணம் உள்ள நிறுவனம் மூன்றாவதற்குப் புதிய பங்கு வெளியிடும். அதுவும் விலை விழுந்திருக்கும் நேரத்தில். நீங்கள் வகுத்த வகுஎண்ணே மாறிவிடும். நிலத்தடி எண்ணெய் அப்படியே இருந்தாலும் உங்கள் வாசகரின் பங்கில் பீப்பாய் குறைந்துபோகும். இது எண்ணெய்க்கு மட்டுமான பாடமும் அல்ல. 1880 வாக்கில் வயநாட்டில் தங்கம் கொட்டிக்கிடக்கிறது என்று லண்டனில் 40க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன.  சில கல் துண்டுகளைச் சோதித்த விகிதத்தை மலை முழுவதற்கும் பெருக்கினார்கள். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் கட்டடங்களும் இயந்திரங்களும் வந்தன. சில ஆண்டுகளில் எல்லாம் கலைந்தது. அதே காலத்தில் கோலார் தங்க வயலில் மைசூர் கம்பெனியும் மூழ்கும் நிலைக்கு வந்தது. மிச்சமிருந்த கடைசிப் பணத்தை ஜான் டெய்லர் நிறுவனத்தார் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டச் செலவிட்டபோதுதான் சாம்பியன் படிவம் அகப்பட்டது. பிறகு அந்தச் சுரங்கத்துக்காகவே 1902இல் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தார்கள். கோலாரைப் பேசுகிறவர்கள் தங்கத்தைத்தான் பேசுகிறார்கள். அந்தக் கடைசிப் பணம் மிச்சமிருந்ததை யாரும் பேசுவதில்லை.

அப்படியானால் இந்தப் பங்குகளைத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் போட யாரும் துணியாவிட்டால் எந்தப் படுகையிலும் கிணறு விழாது. நாடு கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டே இருக்கும். போனால் போகட்டும் என்று ஒதுக்கிய தொகையை மட்டும் போடுகிறவர், உள்ள வயலின் வருமானத்திலேயே புதுக் கிணறு போடும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால், அது சூதாட்டம் ஆகாது. முன்னே சொன்ன ஹிந்துஸ்தான் ஆயில் நிறுவனமே 2017இல் அசாமின் டிரோக் வயலில் வாயு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி கால் ஊன்றியது. மண்ணின் மேலே இருக்கும் மனிதர்களையும் கணக்கில் சேருங்கள். 2017இல் தமிழ்நாட்டின் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் வயல் ஒரு கர்நாடக நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஊரே திரண்டு மறுத்ததால் வேலை தொடங்கவில்லை. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. கண்டுபிடித்த வயலிலும் சம்மதம் இல்லையென்றால் ஒரு பீப்பாய்கூட இருப்பாகாது. விவசாயி தன் நிலத்தைக் காக்க நின்றதை முதலீட்டாளர் இடைஞ்சல் என்று எழுதக் கூடாது. அந்த உரிமையையும் சேர்த்து விலை போட வேண்டும்.

தம்பி, உங்களிடம் உழைப்பு இருக்கிறது, நேர்மை இருக்கிறது, தெளிவான தமிழ் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர், நகையை வைத்துப் பணம் புரட்டியவர், ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் எல்லாரும் உங்களைப் படிக்கிறார்கள். நீங்கள் 'இருப்பு' என்று எழுதினால், இருக்கிறது என்றே அவர்கள் நம்புவார்கள். அடுத்த கட்டுரையில் உத்தேசம், நிபந்தனை, இருப்பு என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வோர் எண்ணையும் அதனதன் கட்டத்தில் வையுங்கள். பக்கத்தில் அடுத்த மூன்று கிணற்றுக்கான செலவையும் கையிலுள்ள பணத்தையும் எழுதுங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், காலி என்றே அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொள்ளேகால் வாசகர்