எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்: ஊருக்குப் பொதுவான ஒரு கண்

நம் முன்னோர் மைசூருக்கும் பெங்களூருக்கும் வந்தது பிழைப்பைத் தேடி. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படித்து, எம்.எஸ்ஸி., பி.ஈ. வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதேஸ்வரன் மலைக்கு அப்பால், ஒகேனக்கல்லை ஒட்டிய கோபிநத்தம் போன்ற எல்லையோரத் தமிழ் ஊர்களுக்கும் மேற்படிப்பு என்றால் மைசூர்தான். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை அந்த ஊர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஒரே ஒரு பெயரால் மட்டும் செய்தித்தாள்களில் அடிபட்ட அந்த ஊர், இனி தன் பிள்ளைகளின் படிப்பாலும் அறியப்பட வேண்டும் என்பது நம் எல்லோருடைய ஆசை.

ஆனால், இப்பிள்ளைகளில் பலர் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வந்ததும் ஓரிடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். "இந்தப் பொருளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வா" என்கிறார் ஆசிரியர். கோடிக்கணக்கான ரூபாய் பெறும் கருவி நமக்கு எங்கே கிடைக்கும் என்று மலைத்துப் போகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ப்ராஜெக்டையே செய்து கொடுக்கும் கடைகளுக்குச் சிலர் போகிறார்கள். பெற்றோருக்குப் பணம் நஷ்டம்; பிள்ளைக்கோ படிப்பே நஷ்டம்.

உண்மையில் அக்கருவி பூட்டி வைத்த பொக்கிஷம் அல்ல. பலரும் முறைப்படி வந்து பயன்படுத்துவதற்காகவே பல்கலைக்கழகங்கள் அதைப் பொதுவில் வைத்திருக்கின்றன. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எப்படி அணுகுவது என்பதே இந்தப் பாடம்.

ஒளிக்கு ஓர் எல்லை

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அந்த மைக்ரானை மேலும் ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணு சுமார் 7,000. கொரோனா வைரஸ் சுமார் 100.

பள்ளியில் நாம் பார்த்த சாதாரண மைக்ராஸ்கோப் ஒளியைக் கொண்டு வேலை செய்வது. ஒளி ஓர் அலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே, அதாவது சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இரு புள்ளிகள் இருந்தால், ஒளி அவற்றை ஒரே புள்ளியாகத்தான் காட்டும். எவ்வளவு உயர்ந்த லென்ஸ் போட்டாலும் இதே கதைதான். மண்வெட்டியால் கடுகைப் பொறுக்க முடியுமா?

அப்படியானால் இன்னும் சிறிய அலை வேண்டும். ஓடும் எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-ல் பிரான்சு நாட்டின் டி பிராலி சொன்னார். ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் முடுக்கிவிட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளத்தைவிட இது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு சிறியது! காந்தச் சுருளைக் கொண்டு எலக்ட்ரான் கற்றையை லென்ஸ் போலக் குவிக்கலாம் என்று 1926-ல் ஹான்ஸ் புஷ் காட்டினார். இவ்விரண்டையும் இணைத்து 1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை அமைத்தார்கள். அதற்கான நோபல் பரிசு ருஸ்காவுக்கு 1986-ல்தான் கிடைத்தது. நம் நாட்டில் 1940-களிலேயே கல்கத்தாவில் என்.என். தாஸ்குப்தா இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

இருவகைக் கருவிகள்

முதல் வகை, ஊடுருவிப் பார்ப்பது. ஆங்கில எழுத்துகளால் டி.ஈ.எம். என்பார்கள். எலக்ட்ரான் கற்றை பொருளின் ஊடே சென்று மறுபுறம் படம் விழச் செய்யும். ஆகவே பொருள் சுமார் 100 நானோமீட்டருக்குள் மெல்லியதாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு செப்பு வலையின் மேல் அதை வைப்பார்கள். நல்ல கருவியில் அணுக்களின் வரிசையையே காணலாம்.

இரண்டாவது வகை, மேற்பரப்பைத் துழாவிப் பார்ப்பது. இது எஸ்.ஈ.எம். இருட்டில் ஒருவர் டார்ச் விளக்கைச் சுவரில் வரிவரியாக ஓட்டிப் பார்ப்பதுபோல், கூர்மையான எலக்ட்ரான் கற்றை பொருளின் மேல் வரிவரியாக ஓடும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தெறிக்கும் எலக்ட்ரான்களை எண்ணிப் படமாக்குவார்கள். மேடு பள்ளம் நன்கு தெரியும். இக்கருவியோடு இணைந்த எக்ஸ்ரே அளவி ஒன்று இருந்தால், அந்த இடத்தில் இரும்பு இருக்கிறதா, கந்தகம் இருக்கிறதா என்றும் அறியலாம்.

இரண்டும் தருவது கறுப்பு வெள்ளைப் படமே. புத்தகங்களில் காணும் பச்சை, சிவப்பு வண்ணங்கள் பிற்பாடு சேர்த்தவை.

தண்டவாளமும் பட்டும்

இருப்புப் பாதையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தண்டவாள உருக்கில் நூற்றுக்கு 0.7 பங்கு அளவில் கரி இருக்கும். அந்தக் கரி இரும்போடு சேர்ந்து, மென்மையான ஏடும் கடினமான ஏடும் மாறி மாறி அடுக்கிய அமைப்பாக உறைகிறது. முத்துச்சிப்பி போல மினுங்குவதால் இதற்குப் பெர்லைட் என்று பெயர். ஏடுகளின் இடைவெளி குறையக் குறைய உருக்கின் வலிமை கூடும். அந்த இடைவெளியோ பெரும்பாலும் 100 முதல் 300 நானோமீட்டர். ஒளி மைக்ராஸ்கோப்பில் மங்கலாகத் தெரியும் இந்த ஏடுகளை எஸ்.ஈ.எம். ஒன்றொன்றாக எண்ணிக் காட்டிவிடும்.

முறிந்த உருக்கும் அப்படியே. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் விரிசல் இம்மியளவு முன்னேறுகிறது. அந்த முன்னேற்றம் சில உலோகங்களில் நுண்ணிய வரிகளாக முறிந்த முகத்தில் பதிந்திருக்கும். மரத்தின் வளையங்களைப் படிப்பதுபோல் அவற்றைப் படிக்கலாம். 1998-ல் ஜெர்மனியின் எஷெடே என்னுமிடத்தில் 101 பேரைப் பலிகொண்ட ரயில் விபத்துக்கு, சக்கரத்தின் வெளிவளையத்தில் இப்படி வளர்ந்த களைப்பு விரிசலே மூலகாரணம்.

வீட்டுப் பெண்களுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு வேண்டுமா? கொள்ளேகால் பட்டை எடுத்துக்கொள்வோம். பட்டுப்புழு இரண்டு இழைகளைச் சேர்த்து, மேலே பசை பூசி நூற்கிறது. பசை நீக்கிய இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். பாலியஸ்டர் இழை பொதுவாக உருண்டையாக வழவழவென்று இருக்கும். எஸ்.ஈ.எம். படத்தில் இரண்டும் சட்டென வேறுபட்டு நிற்கும்.

நம் தொன்மைக்கும் இக்கருவி சாட்சி சொல்லியிருக்கிறது. பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரி நானோ குழாய்களைக் கண்டதாக 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அத்தகைய வாள்களுக்கு உருக்கு சென்றது தென்னிந்தியாவிலிருந்து. அந்த உருக்கை உலகம் 'ஊட்ஸ்' என்றது. அச்சொல் கன்னடத்து 'உக்கு'விலிருந்து பிறந்தது என்பர். தமிழில் நாம் 'உருக்கு' என்கிறோம். இரு மொழிக்கும் உலோகம் ஒன்றே! கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் கரி நானோ குழாய்கள் இருப்பதை 2020-ல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஏன் பொதுவில் வைக்கிறார்கள்?

விலை ஒரு காரணம் மட்டுமே. எலக்ட்ரான் காற்றில் ஓடாது என்பதால் கருவிக்குள் எப்போதும் வெற்றிடம் காக்க வேண்டும். பம்புகள் இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கக் கூடாது. தேர்ந்த இயக்குநர் வேண்டும். நிலமும் அசையக் கூடாது. ரயில் போகும் அதிர்வும், மின்சார ரயிலின் காந்தப் புலமும் படத்தைக் கலைத்துவிடும். நான் ஆயுள் முழுதும் கட்டிக் காத்த பாதை இக்கருவிக்குப் பகையாளி! இவ்வளவையும் ஒரு துறை தனியாகத் தாங்க முடியாது. ஊர்ப் பொதுக்கிணறு போல் எல்லோருக்கும் ஒன்றாக வைப்பதே சிக்கனம்.

இந்த எண்ணத்தில்தான் 1970-களில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளதும் அவற்றில் ஒன்று. இன்று அவை 'சைஃப்' என்னும் பெயரில் இயங்குகின்றன. நம் மைசூரில், மானசகங்கோத்ரி வளாகத்து விஞ்ஞான பவனில் மைசூர்ப் பல்கலைக்கழகம் எஸ்.ஈ.எம். உள்ளிட்ட பொதுக் கருவிகளை வைத்திருக்கிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் நுண்ணோக்கி மையத்தில் 3 லட்சம் வோல்ட் டி.ஈ.எம். உட்படப் பல கருவிகள் உண்டு. உயிர்ப்பொருள்களை உறைய வைத்துப் பார்க்கும் கிரையோ முறைக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கான தேசிய மையமும் பெங்களூரிலேயே, என்.சி.பி.எஸ். வளாகத்தில் இருக்கிறது. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேட, 2020-ல் தொடங்கிய 'ஐ-ஸ்டெம்' என்னும் தேசிய இணையதளம் உதவும்.

அணுகும் முறை

1. கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். "என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்பது கேள்வி ஆகாது. "துகளின் அளவு என்ன?", "விரிசல் எங்கே தொடங்கியது?" என்பவை கேள்விகள். கேள்வியைப் பொறுத்தே எஸ்.ஈ.எம். வேண்டுமா, டி.ஈ.எம். வேண்டுமா என்பது முடிவாகும். ஒளி மைக்ராஸ்கோப்பே போதுமென்றால் செலவு மிச்சம்.

2. மாதிரிப் பொருளைத் தயார் செய்யுங்கள். அது உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் வெற்றிடத்தில் ஆவியாகிக் கருவியைக் கெடுக்கும். இலை, திசு போன்றவற்றுக்கு மருந்தில் பதப்படுத்தி உலர்த்தும் தனி முறை உண்டு. அதை மையத்தாரிடம் கேட்டுச் செய்யவும். மின்சாரம் கடத்தாத பொருளுக்கு மெல்லிய தங்கப் பூச்சு அவர்களே தருவதுண்டு. முறிந்த உலோகம் என்றால் முகத்தைத் தேய்க்காதீர்கள், விரலால் தொடாதீர்கள்; இரு துண்டுகளையும் பொருத்திப் பார்க்கவே கூடாது. பொருத்தினால் சாட்சி அழிந்துவிடும்.

3. உண்மையை அறிவியுங்கள். பொருள் காந்தத் தன்மை உடையதா, நச்சா, எளிதில் ஆவியாவதா என்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். காந்தப் பொடி லென்ஸில் போய் ஒட்டிக்கொண்டால் பழுது எல்லோரையும் பாதிக்கும்.

4. விண்ணப்பத்தில் வழிகாட்டி ஆசிரியர், துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி, முறை நாளைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் பொதுவாகப் படிக்கட்டுப் போல இருக்கும். சொந்த மாணவருக்குக் குறைவு, பிற கல்லூரிக்குச் சற்று அதிகம், தொழிற்சாலைக்கு மிக அதிகம். ஆகவே தனியாளாகப் போகாமல் கல்லூரி வழியாகப் போவதே நல்லது.

5. அனுமதி உண்டானால் படம் எடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்தைப் பார்ப்பது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அழகான ஓர் இடத்தை மட்டும் எடுத்து வராமல், பல இடங்களை எடுக்கச் சொல்லுங்கள்.

6. படத்தில் உள்ள அளவுக்கோட்டை வெட்டிவிடாதீர்கள். "பத்தாயிரம் மடங்கு" என்ற எண் படத்தைச் சிறிதாக அச்சிட்டால் பொய்யாகிவிடும். அளவுக்கோடோ படத்தோடு கூடவே சுருங்கும். என்றும் மெய் சொல்லும்.

7. அறிக்கையில் அந்த மையத்துக்கு நன்றி எழுதுங்கள். நன்றி மறவாமை நம் பண்பு என்பதோடு, மையம் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதற்கும் அதுவே ஆதாரம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"நமக்கு அங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. இங்கே யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முறையைத் தெரிந்திருந்தால் போதும். தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளை கன்னடத்தில் வணங்கி, ஆங்கிலத்தில் விண்ணப்பம் நீட்டினால் எந்தக் கதவும் அவனுக்கோ அவளுக்கோ அந்நியம் இல்லை. அக்கருவி நம் எல்லோருடைய வரிப்பணத்தில் வாங்கியது. பயன்படுத்தாமல் விடுவதுதான் வீண்.

இளையோருக்குச் சில வினாக்கள்

1. 80,000 நானோமீட்டர் தடிமனுள்ள முடியை 5,000 மடங்கு பெரிதாக்கினால் அதன் அகலம் எத்தனை சென்டிமீட்டர்?

2. ஒரு படத்தில் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள அளவுக்கோட்டின் கீழ் '1 மைக்ரான்' என்று இருக்கிறது. படம் எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டது?

3. ஈர இலையை அப்படியே சாதாரண எஸ்.ஈ.எம். கருவியில் வைக்கக் கூடாது, ஏன்?

4. உங்கள் வீட்டில், தோட்டத்தில், ஊர் ஆற்றங்கரையில் உள்ள பொருள்களில் எதை இக்கருவியில் பார்க்க விரும்புவீர்கள்? எந்தக் கேள்வியோடு?

(முதல் இரு விடைகள்: 40 சென்டிமீட்டர், 20,000 மடங்கு. மூன்றாவதன் விடை பாடத்திலேயே இருக்கிறது. நான்காவதை நீங்களே எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.)