வாழைப்பழத் தட்டில் வந்தது யார்?

அன்புள்ள கயல்,

வாழைப்பழத் தட்டைச் சுற்றுவதெல்லாம் பழ ஈதான் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதே. கனிந்து அழுகும் பழத்துக்குக் கூன்முதுகு ஈயும் வரும். அளவிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இருக்கும் இடத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்.

பிடித்ததை மூடிபோட்ட டப்பாவோடு ஃப்ரீசரில் வை. அடங்கியதும் வெள்ளைத் தாளில் கொட்டி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார். முதலில் இறக்கை. ஈக்கு ஒரே ஜோடிதான். பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் காம்புள்ள சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கையில் உடல் திரும்புவதை உணர்த்துபவை அவை. நான்கு இறக்கை இருந்தால் அது ஈயே இல்லை, ஏதாவது குட்டிக் குளவியாக இருக்கலாம்.

அடுத்தது உணர்கொம்பு. அது நீண்டு, பல கணுக்களோடு இருந்தால் பழ ஈயும் இல்லை, கூன்முதுகு ஈயும் இல்லை. பூந்தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் ஒல்லியான, நீண்ட கால் கொண்ட கறுப்புப் பூச்சியாக இருக்கலாம். உடம்பெல்லாம் மயிரோடு குட்டி விட்டில்போல் குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்தால் அது சாக்கடை ஈ.

உணர்கொம்பு குட்டையா? இப்போது பக்கவாட்டில் பார். மார்பு மேலே புடைத்து, தலை அதன் கீழே தாழ்ந்திருந்தால் கூன்முதுகு ஈ. இறக்கையைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது: முன்விளிம்பை ஒட்டிச் சில நரம்புகள் மட்டும் தடித்திருக்கும், மற்றவை வெளிறி, குறுக்கு நரம்பே இல்லாமல் சாய்வாக ஓடும். பழ ஈயின் இறக்கையில் குறுக்கு நரம்பு உண்டு. அதன் உணர்கொம்பிலிருந்து கிளம்பும் மயிரும் இறகுபோல் கிளைத்திருக்கும்.

பழ ஈ என்று முடிவு கட்டச் சிவப்புக் கண்ணை மட்டும் நம்பாதே. 1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் கண்டது வெள்ளைக் கண் பழ ஈ! மரபியலையே புரட்டிப்போட்ட ஈ அது.

அம்மா பழத்தட்டைக் கழுவிக் கழுவிச் சலித்துவிட்டதாகச் சொன்னாய். வந்தது கூன்முதுகு ஈ என்றால் தட்டை விட்டுவிட்டு, கசியும் கழிவுக் குழாயையோ, மூலையில் செத்துக் கிடக்கும் எலியையோ தேடச் சொல். அடுத்த முறை செல்போன் படம் வேண்டாம். இறக்கை நரம்புகளைப் பென்சிலில் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
மாமா