சாப்பாட்டுக்குள் இல்லாத மாத்திரை ஊசிக்குள் எப்படி வந்தது?

“காக்கா, தரம் ஆறுல பொம்புளப் புள்ளைகளுக்குப் போடுற ஊசி கர்ப்பப்பையச் சுருக்கிடுமாமே? எங்கட சனத்தக் குறைக்கத்தானாமே?”

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊர்க்காரர் மருந்துச் சிட்டையோடு வந்தாலும் இந்தக் கதை கூடவே வருகிறது. முன்பு உம்மாமார் காதோடு காதாகச் சொன்னார்கள். இப்போது படித்த ஆட்களே வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைச் சத்தமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். பேசுகிறவர் “ஒரு பெரிய டொக்டராம்”. எந்த ஆஸ்பத்திரி? எந்தத் துறை? பேர் என்ன? பதில் கிடையாது.

பச்சைப் பொய். வதந்திகள் எனக்குப் புதிதல்ல, மருந்துக்கடைக்குள் தினமும் பத்து வந்து போகும். ஆனால் இதைக் கேட்டால் மட்டும் இரத்தம் கொதிக்கிறது, ஏனென்றால் இது நம்முடைய கடையை உடைத்த அதே பொய்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரம். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி கிடக்கிறதென்று ஒருவர் சத்தம் போட்டார். சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை அது என்று கூட்டம் முடிவுகட்டியது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் போதாது. சூழ்ந்து நின்று மிரட்டியபோது ஆம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அந்தக் காட்சி போனில் பதிவாகிப் பேஸ்புக்கில் ஏறியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரமே திகன எரிந்தது, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையே முடக்கியது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்துச் சொன்ன முடிவு: மாவு. கருத்தடை மருந்து எதுவும் இல்லை. தன் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்க 2020 மே மாதம் ஆனது.

அன்று நாம் என்ன சொன்னோம்? “அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை, கொஞ்சம் யோசியுங்கள்” என்று சிங்களச் சகோதரர்களிடம் கெஞ்சினோம். சரியாகத்தான் சொன்னோம். அந்த வாயாலேயே இன்று நம் பிள்ளைகளின் ஊசிக்குள் அதே மருந்து இருக்கிறதென்று சொல்ல வெட்கமாக இல்லையா?

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கருத்தடை மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் மறந்தாலே அது கைவிட்டுவிடும், நிறுத்தினால் கரு தங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் 150 மில்லிகிராம் ஹோர்மோன் இருக்கிறது. அதை நிறுத்தியவர்களுக்குச் சில மாதம் தாமதித்தாலும் பிள்ளை பிறக்கிறது. நிரந்தரமாகத் தடுக்க வேண்டுமென்றால் எல்.ஆர்.டி. என்று நாம் சொல்லும் சத்திரசிகிச்சைதான், அதற்கும் தாயின் கையெழுத்து வேண்டும். ஒரே ஒரு மாத்திரையால், ஒரே ஒரு ஊசியால் ஒரு பெண்ணை ஆயுளுக்கும் மலடாக்கும் மருந்தை எந்தக் கம்பனியும் இன்றுவரை செய்யவில்லை. செய்திருந்தால் அதை ஒளித்துவைக்க மாட்டார்கள், கோடிக்கணக்கில் விற்றிருப்பார்கள்!

பள்ளிக்கூடத்தில் போடுவது எச்.பி.வி. தடுப்பூசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காக 2017இல் நம் நாட்டில் ஆரம்பித்தது. கருப்பைக்குப் பாதுகாப்பு என்று போடுகிற ஊசியைத்தான் கருப்பைக்கு எதிரி என்கிறார்கள்.

குரல்பதிவுக்காரர் ஒரு “ஆராய்ச்சி”யையும் சொல்கிறார். அதைத் தேடிப் பார்த்தேன். உண்மையில் அப்படியொன்று இருக்கிறது. 1993இல் பிராத்திஸ்லாவாவில் எலிக்குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வு. பிறந்து நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, பொலிசோர்பேட் 80 என்ற பொருளை நூற்றுக்கு 1, 5, 10 வீதக் கரைசலாக, 0.1 மில்லிலீற்றர் வீதம் வயிற்றுக்குள் ஏற்றினார்கள். கருப்பையும் சூலகமும் சிறுத்தன. கார்டசில் என்ற எச்.பி.வி. ஊசியிலும் பொலிசோர்பேட் 80 இருக்கிறது. முடிந்தது கதை, ஊசி மலடாக்கும்!

கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை இந்த இடத்தில் சிரிக்கும். ஆகக் குறைந்த 1 வீதக் கரைசலில்கூட ஒரு குஞ்சுக்கு ஒரு நாளில் போனது 1 மில்லிகிராம். அந்த வயதுக் குஞ்சின் எடை ஏறக்குறைய 10 கிராம். அதே விகிதத்தில் 30 கிலோ பிள்ளைக்கு என்றால் ஒரு நாளைக்கு 3 கிராம், அதுவும் தொடர்ந்து நான்கு நாள். கார்டசில் ஊசி ஒன்றில் இருப்பது 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையில் அறுபதாயிரம் மடங்கு. ஐஸ்கிறீமிலும் இதே பொருளைச் சேர்க்கிறார்கள். கடற்கரையில் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊசிக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று வருகிற வாப்பாவை நான் என்னவென்று சொல்வது?

இன்னொன்று, அமெரிக்காவில் ஊசி போட்ட பெண்களுக்குக் குறைவாகவே கரு தங்கியது என்று 2018இல் வந்த கட்டுரை. எழுதியவர் வைத்தியரல்ல, வணிகக் கல்லூரி ஒன்றின் நிதித்துறைப் பேராசிரியர். அந்தப் பெண்கள் கருத்தடை பாவித்தார்களா என்பதையே அவர் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று மற்றவர்கள் காட்டினார்கள். புள்ளிவிபரத்தில் பாரதூரமான பிழை இருக்கிறதென்று சொல்லி, 2019இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. குரல்பதிவுக்காரர் 2018ஐச் சொல்கிறார். 2019ஐச் சொல்லவில்லை. ஆளை எடைபோட எனக்கு அது ஒன்றே போதும்.

ஊசியால் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு: 12, 13 வயதில் இதைப் போட்ட ஸ்கொட்லாந்துப் பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வந்த ஆய்வு சொல்கிறது. “அது காபிர்களின் நாடு” என்பவர்களுக்கு: மலேசியா 2010 முதல் தன் பள்ளிக்கூடங்களில் போடுகிறது.

நம் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் நம் மையித்துகளை எரித்தார்கள். வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று நிபுணர்கள் சொன்னார்கள் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தது, 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் சொன்னது. எரிக்கச் சொன்ன நிபுணர்கள் எந்த ஆய்வைக் காட்டினார்கள்? ஒன்றையும் காட்டவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. குருநாகல் டொக்டர் சாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று 2019 மே மாதம் கிளப்பினார்கள். அதற்கும் ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. அந்த மனிதர் பிறகு கிடைத்த சம்பள நிலுவையை ஆஸ்பத்திரிகளுக்கு அத்தியாவசிய மருந்து வாங்கக் கொடுத்தார்.

இதிலிருந்து நம் ஆட்கள் எடுத்த முடிவுதான் பிழை. “நிபுணர் எல்லாரும் விலைபோனவங்க” என்கிறார்கள். அப்படியானால் எரிக்கத் தேவையில்லை என்று எழுத்தில் கொடுத்த வைத்தியர்களும் விலைபோனவர்களா? இரு பக்கத்திலும் பட்டம் இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும்தான் சான்று இருந்தது. பட்டத்தைப் பார்த்து நம்புவதும் பட்டத்தைப் பார்த்து வெறுப்பதும் ஒரே சோம்பேறித்தனம்.

நைஜீரியாவின் கானோ மாநிலத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1996இல் அங்கே மூளைக்காய்ச்சல் பரவியபோது பைசர் கம்பனி தன் புதிய மருந்தைச் சிறுவர்களிடம் பரீட்சித்தது. ஒழுக்கவியல் அனுமதி என்று காட்டிய கடிதம் பின்னால் எழுதி முன்திகதி போட்டது என்று தெரியவந்தது. 2009இல் கானோ மாநிலத்துக்கு 75 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கினார்கள். அது கம்பனியின் குற்றம், சந்தேகமில்லை. ஆனால் 2003இல் அங்கே போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்று சொல்லி நிறுத்தியபோது ஊனமானது கம்பனிக்காரரின் பிள்ளைகள் அல்ல. அந்த வைரஸ் எல்லை கடந்து இந்தோனேசியாவரை போனது. கானோவில் மறுபடி கொடுக்க ஆரம்பித்ததும் அதே இந்தோனேசியாவில் செய்த மருந்தை வரவழைத்துத்தான்.

நமக்கு அது தூரத்துக் கதையுமல்ல. சின்னமுத்தை ஒழித்த நாடென்று 2019இல் சான்று வாங்கிய இலங்கையில் 2023இல் அது திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட ஒன்பது பிரதேசங்களைத் தெரிவு செய்தார்கள். அதில் கல்முனையும் ஒன்று.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மை தேவையில்லை.

“இயற்கை மருந்துக்குப் பக்கவிளைவு இல்லை.” அரளியும் இயற்கைதான். கேகாலையில் 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொன்ன தம்மிக்க பாணிக்கு ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கு அடுத்த மாதமே கொரோனா.

“சஞ்சிகையில் வந்தால் உண்மை.” எம்.எம்.ஆர். என்ற முக்கூட்டு ஊசியால் ஓட்டிசம் வரலாமென்று 1998இல் லான்செட்டில் எழுதிய வேக்பீல்ட், 12 பிள்ளைகளை வைத்துச் சொன்னார். ஊசிக் கம்பனிகள்மீது வழக்குப் போட்ட சட்டத்தரணியிடம் பணமும் வாங்கியிருந்தார். 2010இல் கட்டுரையும் போனது, அவருடைய வைத்தியப் பதிவும் போனது.

“அரசாங்க மருந்தெல்லாம் போலி.” 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஆஸ்பத்திரிகளுக்குள் வந்தது உண்மை. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். அதை வெளியே கொண்டுவந்தது குரல்பதிவு அல்ல. நோயாளிக்கு ஒவ்வாமை வந்ததும் வார்டில் எழுதி மேலே அனுப்பினார்கள், அதனால்தான் பிடிபட்டது. ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் எம்.ஓ.எச். அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். சாச்சிமாரின் குரூப்பில் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

“விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்து.” இதற்குத்தான் நான் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்ல, அதன் இரசாயனப் பெயரில் எழுதுங்கள் என்றார். பல கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் நம் ஊரில் பனடோல் என்று கேட்டு வருகிறவரிடம் பரசிற்றமோல் பெட்டியை நீட்டினால் முகம் சுளிக்கிறார். இரண்டிலும் 500 மில்லிகிராம்தான். சிட்டையில் கம்பனிப் பெயர் மட்டும் கிறுக்கியிருந்தால், அதை எழுதியவரின் அறைக்குத் திரும்பிப் போய், “மருந்தின் பேரையும் எழுதித் தாருங்கள் டொக்டர்” என்று கேளுங்கள். முறைப்பார். முறைக்கட்டும்.