மாட்டு ரத்தத்துக்கு மனித அளவுகோல்

காரனோடைப் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைத் தாள். மனிதர்களுக்குப் பார்க்கும் லேபில் கொடுத்து எடுத்தது. சர்க்கரை 52 என்று அச்சிட்டு, பக்கத்தில் 'குறைவு' என்று அம்புக்குறி. "நமக்கு 70க்குக் கீழ போனாலே மயக்கம் வருது டாக்டர். இது 52ல நிக்குதே, வெல்லம் கரைச்சு ஊத்தட்டுமா?" என்று பதறினார். மாடு வேப்பமரத்தடியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நம்பிக்கை: தாளில் போட்டிருக்கும் 'நார்மல்' எல்லா உயிருக்கும் பொது.

இல்லை. மாட்டுக்கு 45 முதல் 75 வரை இயல்பான சர்க்கரைதான். தீவனம் முதல் வயிற்றில் புளித்து அமிலங்களாகிறது. அதிலிருந்து தனக்கு வேண்டிய குளுக்கோஸை ஈரலே செய்துகொள்கிறது. நம் கணக்கு அதற்குப் பொருந்தாது. இன்னொன்றையும் அவரிடம் கேட்டேன். காலையில் எடுத்த ரத்தம் பைக் பெட்டியில் வெயிலோடு பயணம் செய்து மதியம்தான் லேபுக்குப் போயிருக்கிறது. குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. எடுத்தபோது அது 52ஐவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். வெல்லக் கரைசலை வாயில் ஊற்றியிருந்தால் புரையேறி நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அதுதான் ஆபத்து.

கருவிக்கும் இதே சிக்கல் உண்டு. மனிதச் சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். மாட்டுக்கு 40 முதல் 60. வெள்ளாட்டுக்கு 16 முதல் 25 மட்டுமே. மனித அளவுக்குத் திருத்தி வைத்த எந்திரம் ஆட்டின் சிவப்பணுவை எண்ணாமல் விடும், அல்லது பிளேட்லெட் என்று எண்ணிவிடும். நமக்கு மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. காரனோடையிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். கால்நடை லேபுக்கே அனுப்புங்கள்.

நம்பிக்கை: பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச் சாறு போதும்.

டெங்கு காலத்தில் நாம் பழகிய பேச்சு நாய் வரைக்கும் வந்துவிட்டது. நாய்க்கு இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். எந்திரம் 40,000 என்று காட்டினால் நான் முதலில் ஸ்லைடைத்தான் எடுப்பேன். ஸ்லைடில் பூசிய ரத்தத்தின் ஓரத்தில் சில நேரம் கேழ்வரகு மாவு கட்டிதட்டியதுபோல் ஊதா நிறக் கொத்துகள் தெரியும். ஊசி சரியாக ஏறாமல் மெல்ல மெல்ல எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டுவிடும். எந்திரம் கொத்தை எண்ணாது. நாய்க்கு ஒன்றும் இருக்காது, எண்தான் பொய்.

கொத்து இல்லை, உண்மையிலேயே குறைவு, காதுமடலில் உண்ணி இருக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது என்றால் எர்லிக்கியாவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கிருமி வெள்ளையணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. பப்பாளிச் சாறு அதைக் கொல்லாது. ஸ்லைடில் கிருமி தென்படாததால் நோய் இல்லை என்றும் ஆகாது, பல நாய்களில் தென்படுவதே இல்லை. டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுப்போம். ஐந்தாம் நாள் நாய் சோறு தின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி படுத்த நாயைத் தூக்கிக்கொண்டு வரும்போது பார்க்கவே மனம் பொறுக்காது.

நம்பிக்கை: வெள்ளையணு ஏறவில்லை, அதனால் தொற்று இல்லை.

நாய்க்குப் பல நேரம் ஏறும். மாட்டுக்கு எலும்பு மஜ்ஜையில் சேமிப்பு குறைவு. கடும் மடிநோயில் இருந்த அணுக்களெல்லாம் மடிக்கு ஓடிவிடுவதால் முதல் ஓரிரு நாள் எண்ணிக்கை இறங்கும். மடி கல்லாக இருக்கும்போது தாளை நம்பாதீர்கள்.

நம்பிக்கை: ரிசல்ட் வந்தபிறகுதான் ஊசி.

கன்று ஈன்ற மறுநாள் மாடு காது ஜில்லிட்டு, கழுத்தை வளைத்துப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடாக இருக்காது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு கால்சியத்தை மருத்துவர் உடனே ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுக்கவும் கூடாது. அதிலுள்ள மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், எண் தவறாக வரும்.

நம்பிக்கை: 'ஃபுல் டெஸ்ட்' எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன். உடைத்துப் போட்ட பழைய பேட்டரியை மாடு நக்கும். அதிலிருக்கும் ஈயம் உள்ளே போனால் கண் தெரியாமல் சுவரில் முட்டும், பல்லை நறநறவென்று கடிக்கும், உடம்பு துடிக்கும். வழக்கமான பரிசோதனைகளில் ஈயம் பார்ப்பதில்லை. தனியாகக் கேட்க வேண்டும். ஈயம் பெரும்பாலும் சிவப்பணுவிலேயே தங்குவதால் பிரித்த சீரத்தில் பார்த்துப் பயனில்லை, முழு ரத்தம் வேண்டும். மாடு எங்கே மேய்ந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிடுங்கள். ஈயம் பாலிலும் வரும். பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள்.